அப்பாயி ஏன் வரகுச் சோறு திங்காது?

இந்த எபிசோடுல கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். சிறுதானியம் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க. எந்த பிராண்டு நல்லது, எவ்வளவு நார்ச்சத்து, வரகுல பிரியாணி பண்றது எப்படி, இதெல்லாம் யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு. அதையே நானும் சொல்லப் போறதில்ல. எங்க வீட்ல இந்தச் சாப்பாட்டை வச்சு ஒரு வருஷமா ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. அதைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.

சண்டை எங்க அப்பாயிக்கும் மத்த எல்லாருக்கும். அப்பாயின்னா அப்பாவோட அம்மா. பெரம்பலூர், அரியலூர், திருச்சி பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாவோட அம்மா அம்மாயி. இன்னொரு விஷயம், நான் "அப்பாயி சொல்லுச்சு, அப்பாயி திட்டுச்சு"ன்னுதான் பேசுவேன். மரியாதை இல்லையான்னு கமெண்ட் போடாதீங்க. எங்க ஊர்ல பாசமே அந்த "உச்சு"லதான் இருக்கு.

அப்பாயிக்கு 82 வயசு. பல வருஷமா சர்க்கரை. போன வருஷம் டாக்டர், "அரிசியைக் குறைச்சுட்டு வரகு, கம்புன்னு மாத்திக்குங்கம்மா"ன்னு சொல்லிட்டார். நான் சென்னையில இருந்து வரகு அரிசி அரை கிலோ பாக்கெட் நாலு வாங்கிட்டுப் போனேன். பாக்கெட் மேல மண்பானை, உலக்கை, சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி சிரிக்கிற படம். அம்மா பொங்கி, தட்டுல போட்டு வச்சாங்க. அப்பாயி தட்டைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு.

"இல்லாதப்பவும் இதைத்தான் தின்னேன். இருக்கறப்பவும் இதையேதான் திங்கணுமாய்யா?"

தட்டு அப்படியே தள்ளி வைக்கப்பட்டது. அன்னையில இருந்து சண்டை.

இது பிடிவாதக்காரக் கிழவியோட கதை இல்ல. அது புரியணும்னா எங்க ஊர் மண்ணைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பெரம்பலூர் மாவட்டத்துல நாங்க "காடு"ன்னு சொல்றது மரம் அடர்ந்த காடு இல்ல, மானாவாரி நிலம். பெரும்பாலும் கரிசல். ஆறு பாயாது, கால்வாய் வராது. வானம் பார்த்த பூமிதான். ஆழமா போர் போட்டு மோட்டார் வச்சதெல்லாம் ரொம்பப் பின்னாடி. அதுக்கு முன்னாடி அங்க விளைஞ்சது கம்பு, சோளம், வரகு. அதனால வீட்ல பொங்கினதும் அதுதான். நெல்லுச் சோறுங்கிறது தீபாவளி, பொங்கல், சம்பந்தி வீட்டு விருந்து, அப்புறம் யாராவது காய்ச்சல்ல படுத்தா கஞ்சிக்கு. அப்பாயி சின்ன வயசுல நெல்லுச் சோறு சாப்பிட்ட நாள்களைத் தனித்தனியா ஞாபகம் வச்சிருக்கு. யாரோட கல்யாணம், எந்தக் குழம்பு, எத்தனை கை சோறு, அத்தனையும். நம்ம ஜெனரேஷன்ல யாருக்காவது சோறு போட்ட தேதி ஞாபகம் இருக்குமா?

அந்தத் தானியம் வீட்டுக்கு எப்படி வந்ததுன்னும் ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்குச் சொந்தமா கொஞ்சம்தான் நிலம். அப்பாயி அடுத்தவங்க காட்டுல களை வெட்டி, கதிர் அறுத்து, கூலியா வாங்கினது படிக்கணக்குல கம்பும் வரகும். வேலை கொடுத்த வீட்ல உள்ள நெல்லுச் சோறு வேகும், வெளியில கூலி வரகு அளந்து போடுவாங்க. அப்பாயிக்கு வரகுங்கிறது ஒரு தானியத்தோட பேரு மட்டும் இல்ல. அது எந்த இடத்துல நின்னு வாங்கினோம்ங்கிறதும் அதுக்குள்ள இருக்கு.

அப்புறம் வேலை. இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா பாக்கெட்ல இது இல்ல.

கம்பு மேல தண்ணி தெளிச்சு ஊற விடணும். உரல்ல போட்டுக் குத்தணும். மேல் தவிடு கழண்டு வரும், அதை முறத்துல புடைச்சு எடுக்கணும். திரும்பக் குத்தணும். திரும்பப் புடைக்கணும். கடைசியில பெரிசு நொய்யாவும் பொடிசு மாவாவும் பிரியும். உலையில முதல்ல நொய். அது வெந்ததும் மாவைக் கரைச்சு ஊத்தி, அடி பிடிக்காம துடுப்பு போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கணும். ஆறினதும் உருண்டை பிடிச்சு தண்ணியில போட்டு வச்சா, மறுநாள் காலையில மோர் விட்டுக் கரைச்சுக் குடிக்கலாம். வரகு இன்னும் மோசம். அதோட உமி கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும், லேசுல விடாது. திருகையில அரைச்சு, புடைச்சு, குத்தி, மறுபடி புடைச்சுன்னு போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளை சோறுன்னா, காட்டு வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இருட்டுலேயே எழுந்து உலக்கை பிடிக்கணும்.

"உங்கப்பன் வயித்துல எட்டு மாசம். அப்பவும் குத்தினேன். உலக்கை எழும்பாது, மூச்சு வாங்கும். மாமியாக்காரி பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

இதைச் சொல்லிட்டு அப்பாயி சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப யோசிங்க. 1967 தேர்தல்ல அண்ணா "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு சொன்னப்ப, அந்த வார்த்தை இப்படிப்பட்ட ஒரு பொம்பளை காதுல எப்படி விழுந்திருக்கும்? நம்ம ஸ்கூல் புத்தகத்துல அது அரசியல் கோஷம். அப்பாயிக்கு அது உலக்கையைக் கீழ வைக்கலாம்ங்கிற செய்தி. அப்புறம் கிராமத்துக்கு மில்லு வந்தது, ரேஷன் கடை வந்தது. 2008ல கிலோ ஒரு ரூபாய் ஆச்சு, 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். அந்த அரிசியைக் கிண்டல் பண்ணி எத்தனை மீம் பார்த்திருக்கோம். எங்க அப்பாயி கிண்டல் பண்ணி நான் ஒரு தடவையும் கேட்டதில்ல.

2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சது. அதே வருஷம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகள்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. சத்து விஷயத்துல அது நல்ல முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன். அப்பாயிகிட்ட சொன்னேன். "நம்மூர்ல போட்டா கடையைப் பூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு"ன்னுச்சு.

இந்த இடத்துல நெதர்லாந்துக்கு ஒரு சின்ன ரவுண்டு போயிட்டு வரலாம். சம்பந்தம் இருக்கு, பொறுமையா கேளுங்க.

2023 ஆரம்பத்துல ஒரு கிளையண்ட் வேலைக்காக நான் லைடன் ஊர்ல சில மாசம் இருந்தேன். அங்க வீட்டுச் சாப்பாடுன்னா உருளைக்கிழங்கு, ஒரு காய், ஒரு துண்டு கறி. குளிர்காலத்துல எல்லாத்தையும் சேர்த்து மசிச்சிருவாங்க, அதுக்குப் பேரு ஸ்டாம்ப்பொட். கேரட், வெங்காயம் போட்டு மசிச்சா ஹுட்ஸ்பொட். முதல் தடவை கேட்டப்ப வைஃபை ஹாட்ஸ்பாட்டான்னு நினைச்சேன். அதுக்கு ஒரு கதை இருக்கு. 1574ல ஸ்பெயின் படை லைடனை முற்றுகை போட்டு, ஊரே பட்டினி கிடந்தது. கரையை உடைச்சுத் தண்ணியை உள்ளே விட்டாங்க. அக்டோபர் 3ஆம் தேதி படை ஓடிருச்சு. அவங்க விட்டுட்டுப் போன ஒரு பானையில இந்தக் கூட்டு இருந்ததாம். உருளைக்கிழங்கு அப்ப அந்த ஊர் அடுப்புக்கு வரல, பாஸ்னிப்னு கேரட் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு. காப்பாத்த வந்த படகுக்காரங்க ஹெர்ரிங் மீனும் வெள்ளை பிரெட்டும் கொடுத்தாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் அக்டோபர் 3 அன்னைக்கு லைடன்ல ஊர்க்காரங்களுக்கு மீனும் வெள்ளை பிரெட்டும் இலவசமா கொடுக்கறாங்க. வீட்ல ஹுட்ஸ்பொட் பண்றாங்க.

என் கூட வேலை பார்த்த பையன் ஒரு ஞாயித்துக்கிழமை அவனோட பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். ஓமான்னு சொல்வாங்க. வயசு 86. பேச்சு எப்படியோ போர்க்காலத்துக்குப் போச்சு. 1944 கடைசியில இருந்து 1945 மே வரைக்கும் நெதர்லாந்தோட மேற்குப் பகுதியில கடுமையான பஞ்சம். ஜெர்மன் ஆக்கிரமிப்பு, உணவு வரத்துக்குத் தடை, அதோட கொடுங்குளிர். கிட்டத்தட்ட 20,000 பேர் செத்திருக்காங்க. பசி தாங்காம சர்க்கரைக்கிழங்கையும் துலிப் பூவோட கிழங்கையும் வேக வச்சுத் தின்னாங்க. அந்த ஓமாவுக்கு அப்ப 7 வயசு. அவங்க வீட்டு ஜாடியில அன்னைக்கு துலிப் பூ இருந்தது. பூ பிடிக்கும், கிழங்கை மட்டும் கையால தொட மாட்டேன்னு சொன்னாங்க. பேரன்தான் தோட்டத்துல நட்டுக் கொடுப்பானாம்.

1945 ஆரம்பத்துல ஸ்வீடன் அனுப்பின மாவுல சுட்ட வெள்ளை பிரெட் கொடுத்தாங்க. அந்தத் தலைமுறை டச்சுக்காரங்க நிறைய பேர் அந்த ருசியைக் கடைசிவரைக்கும் மறக்கல. வெறும் பிரெட்தான். ஓமா அதைச் சொன்ன விதம் இருக்கே, அப்படியே அப்பாயி நெல்லுச் சோறைச் சொல்ற விதம்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தப் பஞ்சத்துல தாய் வயித்துல இருந்த குழந்தைங்களை, அவங்களுக்கு 50 வயசு வாக்குல டாக்டர்கள் பரிசோதிச்சாங்க. சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தி மத்தவங்களை விட அவங்க உடம்புல குறைவா இருந்தது. பசி ஒரு தலைமுறையோட முடியறதில்லன்னு உலகத்துக்குக் காட்டின ஆராய்ச்சிகள்ல அது முக்கியமானது. எங்க அப்பாயியோட சர்க்கரைக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா "அரிசி தின்னுதான் சர்க்கரை வந்துச்சு, அந்தக் காலத்துல கம்பங்கூழ் குடிச்சு கல்லு மாதிரி இருந்தாங்க"ன்னு யாராவது ஒரே வரியில முடிச்சா, நான் இப்பல்லாம் தலையாட்டறதில்ல.

சரி, ஊருக்கு வருவோம்.

எங்க வீட்ல சமைக்கறது அப்பாயி இல்ல, அம்மா. அம்மா அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம். வரைபடத்துல பார்த்தா பக்கத்துப் பக்கத்து மாவட்டம்தான். 2007ல பெரம்பலூரைப் பிரிச்சுத்தான் அரியலூரை மறுபடி தனி மாவட்டமா ஆக்கினாங்க. ஆனா பஸ்ல போனா தெரியும். பெரம்பலூர்ல ஏறும்போது ரெண்டு பக்கமும் காஞ்ச காடு, மக்காச்சோளம். அரியலூர் நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் தூசி. அதைத் தாண்டி திருமானூர் போனா கொள்ளிடம், வயல், நெல்லு. அம்மா பிறந்ததுல இருந்து நெல்லுச் சோறு, பழைய சோறு, கொள்ளிடத்து மீனு. ஜெயங்கொண்டம் பக்கம் இருந்த அவங்க சித்தி வீட்ல முந்திரித் தோப்பு. சீசன்ல பச்சை முந்திரிக் கொட்டையை உரிச்சுக் குழம்பு வைப்பாங்க. அந்தக் கொட்டைப் பால் பட்டா கை பொத்துப் போகும், அதனால சாம்பல் தொட்டுக்கிட்டு உரிப்பாங்களாம். அம்மா விரல்ல இன்னும் தழும்பு இருக்கு. ருசியைப் பத்திக் கேட்டாலும் அம்மா முதல்ல காட்டறது அந்த விரலைத்தான்.

1994ல கல்யாணமாகி வந்தப்ப அம்மாவுக்கு வரகு பொங்கத் தெரியாது. பொங்க வேண்டிய அவசியமும் அப்ப இல்ல. அதனால இன்னைக்கு நிலைமை என்னன்னா, தெரிஞ்ச அப்பாயி சமைக்க மாட்டேங்குது, சமைக்கற அம்மாவுக்குத் தெரியாது. வாங்கிக் குவிக்கிற நான் சென்னையில இருக்கேன். ஒரு நாள் அம்மா போன்ல சொன்னாங்க: "உங்க அப்பாவுக்கு ஒரு உலை, அத்தைக்கு ஒரு உலை. அத்தை அதையும் தொட மாட்டாங்க. அப்புறம் அரிசியை மறுபடி வைக்கணும். நீ பாக்கெட்டை அனுப்பிட்டு ஆபீஸ் போயிடற." இதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பாரம்பரிய உணவுன்னு நாம பேசறப்பெல்லாம் உலக்கையோ குக்கரோ, பிடிக்கிற கை ஒரே மாதிரி கையாத்தான் இருக்கு.

இந்தச் சண்டை கொஞ்சம் நகர்ந்தது ஒரு கீரையால.

போன புரட்டாசி மழைக்கு அப்புறம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாயி திண்ணையில உக்காந்துக்கிட்டு, "பண்ணைக்கீரை திங்கணும் போல இருக்கு"ன்னுச்சு. மார்க்கெட்ல வாங்கியாறேன்னேன். "அதை எவன் விக்கிறான்?"ன்னு கேட்டுச்சு. அப்பதான் எனக்கு முழுசா ஒரு விஷயம் புரிஞ்சுது.

பழைய கம்புக் காட்டுல கம்பு மட்டும் இல்ல. ஊடுபயிரா துவரை, தட்டைப்பயறு, மொச்சை, அவரை. வரப்போரம் ஆமணக்கு. நடுவுல தானா முளைக்கிற களை இருக்கே, அதுல பாதி கீரை. பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, தொய்யக்கீரை. களை வெட்டப் போற பொம்பளைங்க மடியில கட்டிக்கிட்டு வந்துருவாங்க. அது திருட்டும் இல்ல, யாரும் காசும் கேக்க மாட்டாங்க. ராத்திரிக் குழம்பு அதுதான். சோறு, பயறு, கீரை, ஒரு தட்டுல என்ன வேணுமோ அவ்வளவும் அந்த ஒரே காட்டுல இருந்து வந்தது.

இப்ப அங்க மக்காச்சோளம். தமிழ்நாட்டுல மக்காச்சோளம் அதிகமா விளையற மாவட்டங்கள்ல பெரம்பலூர் ஒண்ணு. ஆனா எங்க வீட்ல ஒருத்தரும் அதைச் சோறா சாப்பிடறதில்ல. பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகுது. நாமக்கல் பண்ணைக்குப் போயி முட்டையா திரும்பி வருது. விதைச்ச சில நாள்லயே களைக்கொல்லி அடிப்பாங்க. அது பண்ணைக்கீரைன்னு பார்க்காது, இலையா இருந்தா கருக்கிரும். தட்டைப்பயறை நடுவுல போடவும் முடியாது. அப்பாவைக் குறை சொல்லவும் வழியில்ல. களை வெட்ட ஆள் கிடைக்காது, கிடைச்சாலும் கூலி கட்டாது. 2018ல படைப்புழு வந்து எங்க பக்கம் மக்காச்சோளத்தையே மொட்டையடிச்சப்பவும், அடுத்த வருஷம் மறுபடி அதையேதான் போட்டார். அதுக்குத்தான் வியாபாரி வீட்டு வாசல் வரைக்கும் வர்றான்.

அப்ப பாருங்க, அப்பாயி மறக்கணும்னு நினைக்கிற வரகு 1 கிலோ பாக்கெட்ல சென்னையில எந்தக் கடையிலயும் கிடைக்குது. அது ஆசைப்படற கீரை, வெளஞ்ச ஊர்லயே இல்ல.

நான் அந்த டாக்டர்கிட்ட மறுபடி பேசினேன். அரிசியோட அளவைக் குறைச்சு, பயறும் கீரையும் கூட்டிக்கிட்டா போதும், வரகுதான் வேணும்னு கட்டாயம் இல்லன்னு சொன்னார். பாலிஷ் போட்ட வரகுல தவிடு போயிடுது, அதையும் வயிறு முட்டச் சாப்பிட்டா சர்க்கரை ஏறத்தான் செய்யும்னும் சொன்னார். அப்பாவைக் கெஞ்சி, கிணத்தோரம் நாலு பாத்தி மருந்து அடிக்காம விட வச்சேன். தட்டைப்பயறு போட்டோம். பண்ணைக்கீரைக்கு விதையே போடல. ரெண்டு மழையில தானா வந்திருச்சு. விதை மண்ணுக்குள்ளயே கிடந்திருக்கு.

இப்ப அப்பாயி தட்டுல ஒரு கரண்டி சோறு குறைஞ்சிருக்கு, பயறும் கீரையும் கூடியிருக்கு. தொட்டுக்க செட்டிக்குளம் சின்ன வெங்காயம், அது மட்டும் எப்பவும் வேணும். மூணு மாசச் சர்க்கரை 9.1ல இருந்து 8.4க்கு வந்திருக்கு. இன்னும் கூடுதல்தான். தீபாவளிக்கு அதிரசம் மூணு தின்னுது, கேட்டா ஒண்ணுன்னு சொல்லுச்சு.

வரகு பொங்காட்டியும், வரகு பத்திப் பேச அப்பாயி தயார். அதை மட்டும் போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு வர்றேன். இதுவரைக்கும் 6 மணி நேரம் ஆயிருக்கு. அதுல ஒரு இடம். "கதிர் அறுக்கறப்ப மழை புடிச்சுக்கிட்டா அந்த வரகைத் திங்கக் கூடாது, கிறுக்குப் புடிக்கும், தலை சுத்தி விழுந்துருவாங்க, மாட்டுக்கும் போடக் கூடாது"ன்னுச்சு. கிராமத்து நம்பிக்கைன்னு நினைச்சுக்கிட்டு கேட்டுட்டு இருந்தேன். 2024 அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் காட்டுல 10 யானைங்க செத்துப் போச்சே, ஞாபகம் இருக்கா? வரகு வயல்ல மேய்ஞ்ச யானைங்க. பூஞ்சை பிடிச்ச வரகுல உண்டாகிற சைக்ளோபியாசோனிக் அமிலம்ங்கிற நஞ்சு அதுங்க உடம்புல இருந்ததா ஆய்வக அறிக்கை வந்தது. அந்தச் செய்தியை அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினேன். "யானைக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா, பாவம்"னு சொல்லிட்டு வெத்தலையை மடிச்சுது.

பண்ணைக்கீரை எப்படிச் செய்யறதுன்னு அம்மா அப்பாயிகிட்ட கேட்டு இப்ப கத்துக்கிட்டாங்க. நீங்களும் கேப்பீங்கன்னு தெரியும், சொல்லிடறேன். இளசா கிள்ளி, பூவை எடுத்துட்டு அலசணும். மண்சட்டியில தட்டைப்பயறை முக்காப் பதம் வேக விட்டு, அதுலயே கீரை, பச்சை மிளகாய், உரிச்ச சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு. மூடக் கூடாது. கொஞ்சமா புளி. வெந்ததும் தண்ணியைத் தனியா இறுத்துட்டு மத்தால கடையணும், மிக்ஸி வேண்டாம். இறுத்த தண்ணியை மறுபடி ஊத்தி, உப்பு போட்டு, கடுகும் காஞ்ச மிளகாயும் தாளிச்சா முடிஞ்சுது. கீரை எங்க கிடைக்கும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

உங்க வீட்ல பாட்டியோ தாத்தாவோ எதைத் திங்க மாட்டேன்னு அடம் பிடிக்கறாங்க? ஏன்னு கேட்டிருக்கீங்களா? கேட்டு, அவங்க சம்மதிச்சா அவங்க குரல்லயே ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதையெல்லாம் போடலாம். அப்பாயியும் கேக்கும்.